ஒண்ணு பொரிஞ்சாலும் போதும்

— மூடியத் தொறக்காதேன்னு எத்தனை வாட்டிடா சொல்றது? ஈரம் போயிடும். ஈரம் போச்சுன்னா ஓட்டுக்குள்ள இருக்கற தோல் காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கும். வெளிய வர முடியாம உள்ளயே செத்துடும்.

— தொறக்கல அக்கா. கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். ஒண்ணும் அசையல. கீழ வண்டிக்காரர் ரெண்டாந்தடவை ஹாரன் அடிச்சிட்டார். கட்டில், பீரோ எல்லாம் ஏத்தியாச்சு. உன் தையல் மெஷின் மட்டுந்தான் பாக்கி.

— மெஷினத் தொடாதே. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. நீதானே ஒத்துக்கிட்டே? ஒண்ணு பொரிஞ்சாலும் போதும், நான் இங்கயே இருப்பேன். ஒண்ணும் பொரியலேன்னா மறுபேச்சு பேசாம உன்கூட வந்துடுவேன்.

— ஒத்துக்கிட்டேன். ஆனா கணக்குப்படி முந்தாநாளே பொரிஞ்சிருக்கணும்னு நீதான் சொன்னே.

— தபால்ல வந்த முட்டைக்குக் கொஞ்சம் முன்னபின்ன ஆகும்டா. எத்தனை வண்டி மாறி வந்துதோ, எவன் எவன் தூக்கிப் போட்டானோ. முட்டைக்குள்ள ஒரு காத்துப் பை இருக்காம், குலுங்கினா அது இடம் மாறிடுமாம். அதனால கூர்முனை கீழ வர்ற மாதிரி ஒரு நாள் சும்மா நிக்க வெச்சுட்டு, அப்புறந்தான் சூட்டுல வெக்கணும்னு உன் மாமா படிச்சுப் படிச்சுச் சொல்லுவார். பல்பு, ஃபேன், தெர்மாமீட்டர்னு பெட்டியப் பாத்துப் பாத்து செஞ்சு வெச்சார். முட்டை வந்தப்ப மனுஷன் இல்ல.

— மாமாவுக்கு எங்கேருந்துதான் இந்தக் கோழிப் பைத்தியம் புடிச்சுதோ.

— எல்லாம் போன்ல பாத்ததுதான். கொண்டையிலேருந்து நகம் வரைக்கும் கன்னங்கரேல்னு ஒரு ஜாதியாம். கரன்ட் வேலை பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு, மாடியில கோழி வளக்கப்போறேன்னார். நான் கூட கிண்டல் பண்ணினேன், நீங்களே போதாதா கறுப்புக்குன்னு. காரியம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பிப் போன மறுநாள் பார்சல் வந்துது. தபால்காரர் வாசல்ல நின்னு அவர் பேரச் சொல்லிக் கூப்பிடறார். ஆள் இருந்தா வரச் சொல்லுங்கம்மாங்கறார். குளிச்சிட்டிருக்கார், நானே வாங்கிக்கறேன்னுட்டேன்.

— ஏன்க்கா அப்படிச் சொன்னே?

— தெரியல. தபால்காரர் போனதும் கதவச் சாத்திட்டு நேரா குளியலறைக்குப் போய்ப் பாத்தேன். சிரிக்காதே. நெஜமாவே போய்ப் பாத்தேன்.

— நான் எங்க சிரிக்கறேன்? உன்ன இங்க தனியா விட எனக்குப் பயமா இருக்கு, அதான் விஷயம். போன வாரம் வந்தேன் பாரு, படியேறும்போதே உள்ள மாமா பேசற சத்தம். ரெண்டு ரெண்டு படியா ஏறினேன். வந்து பாத்தா நீ பெட்டி மேல போன வெச்சிட்டு உக்காந்திருக்கே.

— பின்ன என்ன பண்ணச் சொல்றே? ஓட்டுக்குள்ள இருக்கும்போதே குஞ்சு குரலப் பழகிக்குமாம். வெளிய வந்ததும் அந்தக் குரல் எங்க கேக்குதோ அங்க ஓடுமாம். நான் பேசினா எங்கிட்ட ஓடி வரும். அவர் ஆசைப்பட்டு வாங்கினது, அவர் குரலுக்குத்தானே வரணும்?

— அதுக்குன்னு அந்த ஒரே வாய்ஸ் மெசேஜா? நாள் பூராவா?

— அவர் வேற என்ன பேசி வெச்சிருக்கார், பாட்டா பாடி வெச்சிருக்கார்? தோள்ல ஏணி, கையில ஒயர் சுருள். சாவி எடுக்க முடியாது. அதனால தெனம் வரும்போது அதத்தான் சொல்லுவார், கதவத் தொறந்து வைன்னு. அன்னிக்கும் சொன்னார். நானும் தொறந்து வெச்சிட்டு நின்னேன். தெருமுனை திரும்பிட்டேன்னு சொன்ன மனுஷன் அந்த முனையத் தாண்டவே இல்லடா.

— அழாதேக்கா.

— அழல. கதவப் புடிச்சிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னே தெரியல. ஏணி மட்டும் வந்துது, யாரோ தூக்கிட்டு வந்தாங்க.

— அதான் சொல்றேன். நீ ராத்திரில வாசக்கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறேன்னு எதிர்வீட்டம்மா எனக்குப் போன் பண்ணி பொலம்பறாங்க. ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. கூடப்பொறந்ததுன்னு இருக்கறது நீ ஒருத்திதான். என் வீட்டுக்கு வா. ஜன்னலோரமா உன் மெஷின் போட எடங்கூட ஒதுக்கி வெச்சிருக்கா அவ.

— உன் பொண்டாட்டி தங்கமானவ, நான் இல்லேங்கல. பிள்ளைங்களும் அத்தை அத்தைன்னு காலச் சுத்தும். ஆனா அங்க வந்தா நான் உனக்கு அக்கா, அவளுக்கு நாத்தனார், அதுங்களுக்கு அத்தை. இங்க இருந்தாத்தான் அவர் பொண்டாட்டி. அது எனக்கு இன்னும் போதலடா.

— சரி. நடுவுல ஒரு தடவையாவது டார்ச் அடிச்சுப் பாத்தியா, உள்ள ஏதாவது இருக்கான்னு?

— மாட்டேன். வெறும் மஞ்சளாத் தெரிஞ்சுதுன்னா நான் என்ன பண்ணுவேன்? திருப்பி வெக்கறதோட சரி. ஒரு பக்கம் பென்சில்ல பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலைல ஒண்ணு மேல, ராத்திரி ஒண்ணு மேல. கடைசி ரெண்டு மூணு நாள் அதுவும் கூடாது, அப்படியே விட்டுடணும். நான் பேங்குக்குப் போன அன்னிக்கு நீதானே திருப்பி வெச்சே?

— ம். நான்தான்.

— உனக்கு இதெல்லாம் புடிக்காது. இருந்தும் ஒண்ணு விடாம திருப்பி வெச்சிருந்தே. அன்னிக்கு எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

— போதும் அக்கா. எழுந்திரு. இது பொரியாது.

— அவ்வளவு நிச்சயமா எப்படிடா சொல்றே?

— பொரியாதுன்னா பொரியாது. எத்தனை நாள் இப்படிப் பெட்டியப் பாத்துட்டு உக்காந்திருப்பே? ப்ளக்கப் புடுங்கறேன், நகரு.

— இரு. பேசாதே.

— என்ன?

— உள்ள கொத்துது.

— ஃபேன் சத்தம்க்கா அது. பழசாயிடுச்சு, எங்கயோ தட்டுது.

— அவர் மாட்டின ஃபேன் சத்தம் எனக்குத் தெரியாதா? காத வெய்யி. கண்ணாடில இல்ல, பக்கவாட்டுல வெய்யி.

— சரி, வெச்சிட்டேன்.

— கேட்டுதா? சொல்லேன். சரி இரு, போனப் போடறேன்.

— வேண்டாம்க்கா. போடாதே.

— ‘இதோ வந்துட்டே இருக்கேன். தெருமுனை திரும்பிட்டேன். கதவத் தொறந்து வை.’

— பாத்தியா, அவர் பேசி முடிச்சதும் கீச்னு பதில் வருது. ஒண்ணு இல்லடா, நாலஞ்சு சேந்து கத்துது. அதோ, ஓரத்துல இருக்கறதப் பாரு, ஓட்டுல கீறல். உள்ளேருந்து நெம்புது. அப்பாடா. வண்டிக்காரர் கட்டில எறக்கட்டும், போய்ச் சொல்லு. என்னடா, ஏன் செவுத்துல சாஞ்சிட்டே? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? அக்கா வரலேன்னு அவ்வளவு வருத்தமா?

— அக்கா, அந்தப் பெட்டிகிட்டேருந்து இந்தப் பக்கம் வா.

— எதுக்கு?

— மொதல்ல வா, சொல்றேன். நீ பேங்குக்குப் போனப்ப நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். எல்லாத்துலயும் செவப்பா நரம்பு ஓடிட்டிருந்துது. ஒண்ணு லேசா அசைஞ்சுது கூட. இது பொரிஞ்சா நீ வரவே மாட்டேன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. அத்தனையும் எடுத்து முனிசிபாலிட்டி குப்பை வண்டியில போட்டேன். அதே மாதிரி பென்சில் குறி போட்டு வேற முட்டை வெச்சேன்.

— வேறன்னா?

— மளிகைக்கடை முட்டைக்கா. சேவலையே பாக்காத பண்ணைக்கோழி போட்டது, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்துக் குடுத்தான். அதுல குஞ்சு இருக்கவே முடியாது.