திரைக்குப் பின்னால் ஒருத்தன்

கதவைத் தாழ் போட்டுட்டு வந்து உட்காருங்கடி. பாத்ரூம் போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க, நடுவுல யாரும் எழுந்திரிக்கக் கூடாது. இது நம்ம கூடப் படிச்சாளே, அந்த நெட்டச்சி... அவளோட சித்தப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். மலையிலிருந்து இறங்குகிற ரோடு. ஒரு விளக்கு கிடையாது, ஒரு வீடு கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்தே வெகு நேரமாகிவிட்டது. சித்தப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் லோடு முழுக்க இரும்புக் குழாய். ஒவ்வொரு வளைவிலும் குழாய்கள் ஒன்றோடொன்று உரசி... ங்ங்... என்று ஒரு முனகல்.

அதுதான் கடைசி ட்ரிப். சித்தியிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினார். "சாவியை ஓனர் கையில குடுக்காம வீட்டுப் பக்கம் வராதீங்க," என்று அவளும் வாசலில் நின்று சொல்லியிருந்தாள். அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஓனர், "இந்த ஒரு லோடு மட்டும்ப்பா" என்பார். யாரும் வர மாட்டேன் என்கிற வேலைக்கு ஆளைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் எந்த ஓனருக்கும் குரல் தேனாகத்தான் இருக்கும். சித்தப்பாவுக்கு மறுத்துப் பேச வாய் வராது.

ஆனால் இந்தத் தடவை போவதற்கு ஒரு இடம் இருந்தது. மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்து மறுபடி ஓடவிடுகிற வேலை. மீசை முளைக்கிற வயதில் அங்கேதான் தொழில் பழகினார். கை அப்படிப் படிந்து வந்தது. அந்த நேரம் பார்த்து, லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் அப்பாவுக்குக் கால் உடைந்தது. "ஒரு ஆறு மாசம் நீ ஏறுடா, கால் சரியானதும் நான் ஏறிக்கிறேன்" என்றார் அப்பா. கால் சரியாகவே இல்லை. பாதி சுற்றிய மோட்டார் ஒன்றை மேஜையில் அப்படியே வைத்துவிட்டுப் போனவர்தான். இப்போது தலை நரைத்துவிட்டது.

படிப்பு ஏறாதவன்தான் ஸ்டியரிங் பிடிப்பான் என்று சனங்கள் வாய் கூசாமல் சொல்லும். உனக்கு என்ன பிடிக்கும் என்று அந்த மனுஷனிடம் ஒருத்தராவது கேட்டார்களா?

அந்த வைண்டிங் கடைக்காரருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. "திங்கக்கிழமைக்குள்ள வந்தா கடையை நீ பாரு. இல்லைன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் திங்கட்கிழமைக்கும் அவருக்கும் இடையில் இருந்தது இந்த ஒரு ட்ரிப் மட்டும்தான்.

அது இரண்டு டிரைவர் வண்டி. கூட வந்தவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். தூக்கத்திலும் வாய் ஓயாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற பலகை, அதை மறைத்து ஒரு திரை. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் அங்கே தூங்குவார். ஆள் மாறுகிற நேரம் வந்தால் தூங்கியவர் திரைக்குள்ளிருந்து கையை நீட்டி, ஓட்டுகிறவர் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். ஓட்டுகிறவர், "குடுத்துட்டேன்" என்பார். அவ்வளவுதான். அந்த வார்த்தை வந்த நிமிஷத்திலிருந்து வண்டி அவர் பொறுப்பில்லை. வருஷக்கணக்காக இதே பழக்கம். தட்டு விழுந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் சித்தப்பா வண்டியை ஓரங்கட்டினார். கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். டங்... டங்... எல்லாம் நல்ல சத்தம். மறுபடி ஏறினார். திரைக்குப் பின்னால் போர்வை மேடாகத் தெரிந்தது.

"டேய், கிளம்பட்டுமா?"

"ம்..."

கிளம்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல். தூக்கக் கலக்கத்தில் கரகரவென்று...

"ஓட்டலைன்னா?"

சித்தப்பா சிரித்துக்கொண்டார். கண் சொக்கும்போது இருவரும் ஆடுகிற ஆட்டம் அது. லாரி ஓட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாய்? ரேடியோ ஒரு நாள் சர்க்கஸில் சேர்ந்திருப்பேன் என்பார், இன்னொரு நாள் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன் என்பார். சித்தப்பா மட்டும் தன் பதிலைச் சொன்னதே இல்லை. வெளியே விட்டால் அழுகை வந்துவிடும் என்று பயம். ஆனால் கடைசி ட்ரிப் ஆயிற்றே... சொன்னார்.

"மோட்டாருக்குக் கம்பி சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்டா. நிழல்ல உட்கார்ந்து. பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு மோட்டாரைப் பாதியில விட்டுட்டு வந்தேன். அது என்ன ஆச்சோ..."

திரைக்குப் பின்னாலிருந்து அதே கரகரப்பு.

"நான் முடிச்சுட்டேன்."

"என்னத்தை?"

"நீ விட்டதை."

ரேடியோ தூக்கத்தில் உளறுகிறான் என்றுதான் நினைத்தார். அப்போதுதான் அந்த வாசனை... டீசல் இல்லை, வியர்வை இல்லை. வார்னிஷ். சூட்டில் காய்கிற ஈர வார்னிஷ். மூக்கு எரிந்தது. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டார். போகவில்லை. கேபினுக்குள்தான் அது.

போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"அடப்பாவி! ஒண்ணுக்குப் போக இறங்கினேன்டா! பின்னாடியே ஓடி வர்றேன், கத்துறேன், நீ பாட்டுக்குப் போயிட்டே இருக்க! வேற லாரிக்காரர்கிட்ட போன் வாங்கிப் பேசறேன். எங்கயாவது ஓரமா நில்லு!"

ரேடியோ.

பின்னால் பலகை... கிரீச்... என்றது. யாரோ புரண்டு படுத்தார்கள். போன் கட்டாகிவிட்டது.

நிறுத்தவும் முடியாது. அந்த இறக்கத்தில், அந்த லோடோடு சட்டென்று பிரேக்கை மிதித்தால் அத்தனை குழாயும் கேபினைக் கிழித்துக்கொண்டு முன்னால் வரும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கதவு கைக்கெட்டுகிற தூரம்தான். ஆனால் ஸ்டியரிங்கை விட்டால் போச்சு. எத்தனையோ வருஷமாக அவர் உட்கார்ந்திருந்த சீட்டு அது. அன்றைக்குத்தான் அது எவ்வளவு குறுகல் என்று தெரிந்தது.

"நீ போன நாள்லேருந்து சுத்திக்கிட்டே இருக்கேன்," என்றது குரல். கோபமே இல்லை. வெறும் அலுப்பு. "குனிஞ்ச தலை நிமிரலை. ஜன்னல் இல்லாத கடை. விரலெல்லாம் வார்னிஷ் ஊறிப் போச்சு. நீ பாரு... ஊர் ஊராப் போற. காத்து வாங்கற. பொறாமையா இருக்குடா."

அந்தக் குரல் ரேடியோவுடையது இல்லை. எங்கேயோ கேட்ட குரல்... கரகரப்பை எடுத்துவிட்டால் அது சித்தப்பாவின் குரலேதான்.

"நான்தான் வந்துடறேனே," என்றார் சித்தப்பா. "திங்கக்கிழமை... கடைக்கு நான்தான் வரப் போறேன். நீ எங்க வேணா போய்க்கோ. என்னை விட்டுடு."

"அப்ப மாத்திக்கலாம்."

திரை விலகுகிற சத்தம் கேட்டது. வளையங்கள்... சிலுக்... சிலுக்... கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். வாயைத் திறக்கவே கூடாது, என்ன ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்...

தோளில் இரண்டு தட்டு.

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குடுத்துட்டேன்."

விடியற்காலையில் லாரி ஓனர் ஷெட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. குழாய் ஒன்று நகரவில்லை. சித்தப்பா விசிலடித்துக்கொண்டே இறங்கினார். ஓனர் வழக்கம்போலக் குழைந்துகொண்டு ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்: "அடுத்த லோடு எப்போ?"

வீட்டில் சித்தி, "சாவி?" என்றாள்.

"சாவியை எதுக்குக் குடுக்கணும்? வெளிய காத்து எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

அவள் அழுதாள், சண்டை போட்டாள், சோறு வைக்க மாட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை வந்தது, போனது. கடை வேறு ஆளுக்குப் போய்விட்டது. மனுஷனுக்கு ஒரு வருத்தம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். அதற்கப்புறம் அவர் அந்தப் பலகையில் படுத்ததே இல்லை. மழை பெய்தாலும் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துத்தான் தூங்குவார். ரேடியோ ஒரு ட்ரிப் மட்டும் கூடப் போய்விட்டு வந்து வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. யோசித்துப் பாருங்க, ரேடியோ!

குடும்பத்தில் யாரும் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுகிற வரைக்கும் சரி என்று விட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறினவள் நெட்டச்சி. ஹாஸ்டலுக்கு அவள் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்த லாரிதான்.

பட்டப்பகல். நல்ல வெயில். ஹாஸ்டலுக்கு வருகிற வழியில் ஒரு கடை முன்னால் சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது. கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின்னால், திரைக்குள்ளிருந்து, காதுக்கு ரொம்பப் பக்கத்தில்...

"பாப்பா..."

சித்தப்பா குரல். அவளைத் தோளில் தூக்கி வளர்த்த குரல்.

"நான் இறங்கட்டுமான்னு அவன்கிட்ட கேட்டுச் சொல்றியாடா?"

அவள் திரும்பவில்லை. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது. சித்தப்பா ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். சாவியைத் திருகி, ரோட்டைப் பார்த்தபடியே, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்:

"என்ன சொல்றான்?"