நல்ல பையன் 1, நல்ல பையன் 2

– முந்நூத்திப் பன்னெண்டு மாப்பிள்ளைங்க, கலைமணி! ஒரே பட்டன்ல முடிச்சுப்போட்டனுங்க.

– எந்தப் பட்டனுங்க, தனசேகர்?

– 'எல்லாத்துக்கும் ஆமா'ங்கற பட்டன். என்ற வாழ்க்கையில எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னது இது ஒருக்காத்தான். அதுலயே இத்தனை குடும்பம் நாசம்.

– கம்ப்யூட்டர் என்ன கேட்டுச்சு?

– 'இதே பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்குது, மாத்தட்டுமா'ன்னு கேட்டுச்சு. புது லேப்டாப்பு, ஊட்டுக்கு வந்த மொத நாளே எதுத்துப் பேச வேண்டாம்னு...

– ஃபைலுக்கெல்லாம் என்ன பேரு வெச்சிருந்தீங்க?

– நல்ல பையன் ஒண்ணு, நல்ல பையன் ரெண்டு, நல்ல பையன் மூணு...

– முந்நூத்திப் பன்னெண்டும் நல்ல பையனா?

– கல்யாணப் புரோக்கர் அம்மிணி நானு! சுமாரான பையன்னு பேரு வெச்சுத் தொழில் பண்ண முடியுமா? பழைய கம்ப்யூட்டர்ல ஓமலூருக்கு ஒரு ஃபோல்டர், குமாரபாளையத்துக்கு ஒண்ணு, மேட்டூருக்கு ஒண்ணு. மூணுலயும் நல்ல பையன் ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும். புதுசுல எதுக்கு மூணு, எல்லாரும் ஒரே ஊட்ல கெடக்கட்டும்னு மொத்தமாக் கொட்டுனேன். ஓமலூரான் மேல குமாரபாளையத்தான் உக்காந்தான். அவன் மேல மேட்டூரான் உக்காந்தான். இப்ப மேட்டூரானுங்க மட்டுந்தான் உசுரோட இருக்கறாங்க.

– பழசுல எல்லாம் அப்படியே இருக்குமே? காப்பிதானே பண்ணுனீங்க?

– கட் பண்ணுனனுங்க.

– எதுக்குங்க?

– காப்பி பண்ணுனா ஒரே மாப்பிள்ளை ரெண்டு எடத்துல இருப்பான். நம்ம தொழில்ல அது எத்தனை பெரிய வம்பு!

– அட சாமி! நவுருங்க அக்கட்டால. பழைய பெட்டியில இனி ஒரு எழுத்துக்கூடத் தட்டக் கூடாது. அழிஞ்சதை எடுக்கற சாஃப்ட்வேர் போட்டு உடறேன்.

– வந்துருங்களா?

– பாக்கலாம்.

– எந்தப் பாக்கலாமுங்க? பொண்ணு ஊட்டுக்காரங்க டீயைக் குடிக்க வெச்சுட்டுச் சொல்ற பாக்கலாமா?

– ஓடட்டும், பாக்கலாம்.

– மூணு வருசமா என்ன கேட்டாலும் உங்ககிட்ட இதே பதிலுத்தான்.

– நீங்க என்னத்தக் கேட்டீங்க? பிரிண்டர் ஏன் சத்தம் போடுது, மவுசு ஏன் ஓடலைன்னுதான் கேட்டீங்க. ஞாயித்துக்கிழமை எதும் ரிப்பேருன்னு கூப்புட்றாதீங்க. ஓமலூர்ல இருந்து என்னைப் பாக்க வாராங்க.

– ஓமலூரா? என்ற லிஸ்ட்ல இருக்கறவனா?

– இல்லீங்க. எங்கண்ணன் வேற புரோக்கரைப் புடிச்சிட்டாரு. உங்ககிட்ட என்ற ஜாதகத்தைக் குடுத்து மூணு வருசத்துல ஒரு ஈ, எறும்புகூட எட்டிப் பாக்கலையாமா.

– அது... காலம் அப்படிங்க.

– உங்ககிட்ட பொண்ணுங்க ஜாதகம் எத்தனை இருக்குது?

– நாப்பத்தொண்ணு.

– முந்நூத்திப் பன்னெண்டு பையனுங்க பொண்ணு கெடைக்காம அலையறாங்க. அதுல எனக்குன்னு ஒருத்தன்கூட வரல?

– உங்க ஜாதகம் ரொம்பச் சுத்தமுங்க. எச்சா சுத்தமா இருந்தாலும் பயந்துக்குவாங்க.

– சாக்கு மட்டும் நல்லா வருது உங்களுக்கு. பாருங்க, நல்ல பையன் நாலு வந்துட்டான். பதினேழும் வந்துட்டான்.

– ஓமலூரானுங்க! என்ற தங்கங்களா! அந்தப் பதினேழைத்தான் ஏழு ஊட்ல வேண்டாம்னுட்டாங்க, இருந்தாலும் திரும்பி வாரான் பாருங்க, ரோசமே இல்லாம.

– இதென்னங்க? 'சொந்தம்'னு ஒரு ஃபோல்டர். இது அழியவே இல்ல. எல்லாத்தையும் புதுசுக்குத் தூக்குனீங்க, இதை மட்டும் உட்டுட்டீங்க?

– அது கரண்டு பில்லு. தொறக்காதீங்க.

– உள்ள ஒரே ஒரு ஃபைலு. கரண்டு பில்லுக்குக் 'கலைமணி'ன்னா பேரு?

– கலைமணி, டீ சொல்லட்டுங்களா?

– தொறந்துட்டேன். கடைசியாப் பிரிண்ட் எடுத்த தேதி... ஒண்ணுமே காணோம். என்ற ஜாதகத்தை ஒரு ஊட்டுக்குக்கூடக் குடுக்கலீங்களா?

– பிரிண்டர்ல மை இல்லாம இருந்துதுங்க.

– மை ஊத்தறதே நான்தானே? சரி, எங்கண்ணன் எழுதிக் குடுத்த எதிர்பார்ப்பு, 'அரசு வேலை, முப்பத்தஞ்சு வயசுக்குள்ள.' இங்க வேற என்னமோ இருக்குது. படிக்கட்டுங்களா?

– வேண்டாமுங்க.

– 'நாமக்கல்லுக்குள்ளயே இருக்கோணும். சொந்தத் தொழில். நாப்பதைத் தொட்டவரா இருந்தாலும் பரவால்ல. பழைய பைக் போதும். வாய் கொஞ்சம் நீளமா இருந்தாலும் மனசு நல்ல மனசா இருக்கோணும்.'

– அது பொதுவாப் போட்டதுங்க.

– பொதுவா? இந்த அளவுக்குத் தெச்சா சட்டை யாருக்குங்க சேரும்?

– தப்புத்தானுங்க. கேலிக்கில்ல, நெசமாவே தப்பு. அனுப்போணும்னுதான் ஒவ்வொரு தடவையும் தொறப்பேன். அனுப்புனா நீங்க போயிருவீங்களேன்னு ஒரு வரியை மாத்திப்போட்டு மூடிருவேன். அதையும் நிறுத்தி வருசத்துக்கு மேலாச்சு. தொறக்கவே வெக்கமாப் போச்சு. புதுசுக்கு மாத்தவும் மனசில்ல, அழிக்கவும் மனசில்ல. உங்க மூணு வருசத்தை நானே தின்னுபோட்டேன். உங்கண்ணன்கிட்ட நானே வந்து சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

– இன்னும் ஒரு வரி இருக்குது.

– போதுமுங்க, கலைமணி.

– 'தலையில முடி இல்லாட்டியும் சம்மதம்.'

– அய்யோ, சத்தியமா அது நானில்லீங்க! மத்ததெல்லாம் என்ற குத்தந்தான், ஒத்துக்கறேன். என்ற சொட்டையைப் பத்தி நானே எதுக்கு எழுதப் போறேன்? யாருங்க எழுதுனது?

– நான்தானுங்க. போன ஆடியில சர்வீசுக்கு வந்தப்ப.