எர்த் இல்லாத ஏர்கோன்

பிரிக்பீல்ட்ஸில் மத்தியான வெயில் சுவரெல்லாம் ஏறிவிடும், இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் ஃபிளாட்டில் ஏர்கோன் இல்லாமல் படுக்க முடியாது. அதனால் அதை வாங்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பொருத்த வந்தவர்கள் தனி வயர் இழுக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் கனகசபை, யூனிட்டை மட்டும் மாட்டச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். முப்பது வருடம் அரசாங்கத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். பழைய லைட் வயரிலிருந்து தானே இணைப்பு எடுத்து, சுவிட்சை அறைக்கு வெளியே நடையில் வைத்தார். முதல் வாரம் மெயின் பெட்டியில் ஒரு சுவிட்ச் அடிக்கடி தானாக விழுந்து கரண்டை நிறுத்தியது. அதையும் ஏதோ செய்தார். பிறகு விழவில்லை.

ஏர்கோனைத் துடைப்பது என் வேலை. ரிமோட்டில் நிறுத்திவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். ஒரு நாள் உள்ளே இருக்கும் தகட்டில் விரல் பட்டதும் சுரீரென்றது. அவரிடம் சொன்னேன்.

"உமக்கு நரம்புத் தளர்ச்சி," என்றார். "நான் போட்ட வயரிலை கரண்ட் அடிக்காது."

மூன்றாம் முறை சொன்னபோது டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். கை நடுக்கம், தூக்கமில்லை, இல்லாததை இருக்கிறது என்கிறாள். மாத்திரை கிடைத்தது. அதைப் போட்டால் பகலெல்லாம் தலை பாரமாக இருக்கும். பதினெட்டு வருடமாக வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவள் நான். என் காதுக்குச் சுருதி பிடிபடாமல் போயிற்று. ஒரு சனிக்கிழமை யாருமே வரவில்லை. "மனுசிக்குச் சுகமில்லை, இனி வகுப்பில்லை" என்று பெற்றோர்களுக்கெல்லாம் அவர் போன் செய்திருந்தார். ஈப்போவில் இருக்கும் மகள் சிந்துஜா, "அப்பா சொல்றதைக் கேளுங்கம்மா," என்றாள். கேட்டேன். ஏழு மாதம் என்னை நோயாளி என்றே நம்பினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்கு தனேஷ் என்ற வயர்மேன் வந்தார். என் கணவர் கடைக்குப் போயிருந்த நேரம். கூப்பிட்டுக் காட்டினேன். டெஸ்டரை வைத்ததும் அதில் விளக்கு எரிந்தது.

"ஆன்டி, இதுல எர்த்தே இல்ல லா. மெயின்ல சேஃப்டி சுவிட்சையும் யாரோ பைபாஸ் பண்ணிட்டாங்க. செருப்போட, காஞ்ச கையால தொட்டதால தப்பிச்சீங்க. ஈரக் கையால தொட்டா ஆளே போயிடும். அங்கிள் வந்ததும் சொல்லுங்க, நாளைக்கே வந்து மாத்தித் தரேன்."

சொல்கிறேன் என்றேன். அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை சிங்க்கில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். என் கணவர் வந்ததும் சோறு போட்டேன்.

அவருக்கும் ஒரு தடவை சுரீரென்றால் போதும், நான் சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் ஒன்றும் விரும்பவில்லை.

மாத்திரை தொடங்கியதிலிருந்து நான் ஏணியில் ஏறக் கூடாது என்பது அவர் கட்டளை. ஆகவே துடைக்கும் வேலை அவருடையதாகியிருந்தது; நடையில் இருக்கும் சுவிட்சைத் தானே போய் அணைத்துவிட்டுத்தான் ஏறுவார். மூன்று வாரம் காத்திருந்தேன். அன்று காலை பத்து மணி இருக்கும், வெறுங்காலோடு இரும்பு ஏணியில் ஏறினார். துணியை வாளியில் முக்கி, பிழியாமல், நான்தான் கொடுத்தேன்.

"வெளியிலை சுவிட்சை நிப்பாட்டிட்டீரோ?" என்று கேட்டார்.

நடைக்குப் போய்ப் பார்த்தேன். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஓம், நிப்பாட்டிட்டன்," என்றேன்.

ஏணி சாய்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் அதை அணைத்தேன். நீங்கள் வந்து பார்த்தபோது அணைந்திருந்தது அதனால்தான். அதற்குள் அவர் உயிர் போயிருந்தது.

நாற்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை, தானே போய்ப் பார்க்காமல் அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மேடம்.