கட்டைவிரலுக்கு மட்டும் பயிற்சி

உத்திரமேரூரில் பஸ்ஸைப் பிடிக்க இருபது அடி ஓடியதற்கே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி கபடி டீம் பனியன் போட்டிருந்தாள். மற்றவள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

“நீ கல்யாணம் பண்ணிக்கினதாலதான்டி என்னை ஸ்டேட் டீம்ல எடுக்கல,” என்றாள் பனியன்காரி.

“இது இன்னாடி கூத்து? நான் தாமல் ஊர்ல வாக்கப்பட்டதுக்கும் உன் டீமுக்கும் இன்னா கீது?”

“நீ இருந்த வரைக்கும் தெனம் அஞ்சு மணிக்கு வந்து கதவைத் தட்டுவ. ரெண்டு பேரும் ஏரிக்கரைல ஓடுவோம். நீ போனப்புறம் யார் தட்டறது?”

“அலாரம் வெச்சிக்கறது.”

“அலாரம் உன்ன மாதிரி திட்டாதே. அமுக்கிட்டுப் படுத்துக்குவேன். கோச் தெனம் போன்ல எக்ஸர்சைஸ் அனுப்புவாரு. செஞ்சிட்டேன்னு படுத்துக்கினே கட்டைவிரல் படம் அனுப்பிடுவேன். இப்ப கட்டைவிரல் ஒண்ணுதான் ஃபிட்டா கீது.”

நான் சிரிப்பை இருமலாக்கினேன். அவர்கள் சிரிக்கவில்லை.

“செலக்‌ஷன்ல மொதல்ல ஓடவுட்டுப் பாத்தாங்க. பாதியிலயே மூச்சு வாங்கி நின்னுட்டேன். ரெய்டு போகவே வுடலடி.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே எழுப்பியிருப்பேனே.”

“புதுசாக் கல்யாணம் ஆனவ. விடிகாலைல போன் அடிச்சா உன் வூட்டுல இன்னா நெனைப்பாங்க? தூங்கட்டும்னு வுட்டுட்டேன்.”

புதுப்பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அஞ்சு மணிக்கு நான் முழிச்சிக்கினுதான்டி இருந்தேன். தெனமும்.”