கூட ஒரு தட்டு

அதுல வேண்டாம் கண்ணு. இந்தப் பக்கம் வா, இந்த நாற்காலியில உக்காரு. தப்பா எடுத்துக்காத. அந்தத் தட்டுக்கு ஆள் இருக்கு. அதாவது, இருக்கலாம். சொல்றேன், எல்லாம் சொல்றேன், மொதல்ல சூடா இந்தக் காப்பியைக் குடி. பூட்ஸைக் கழட்ட வேணாம்னு சொல்லியும் கழட்டிட்டியே, நல்ல பிள்ளைதான் நீ. செஸ்டருக்கு உன்னைப் பிடிச்சுப் போயிருக்கும். எங்க வீட்டுக்காரருக்குப் பூட்ஸோட யாராவது உள்ள வந்தா ஆகவே ஆகாது. கால்மிதியடியில நின்னு, கழட்டி, சுவரோரமா ஜோடியா வெச்சுட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வெப்பாரு.

உன் வீட்டுக்காரர் கீழ் ரூம்ல நிதானமா பாத்துட்டு வரட்டும். வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸைத் தட்டித் தட்டிப் பாக்கறாரு போல, சத்தம் கேக்குது. தட்டட்டும், தட்டட்டும். அது எவ்வளவோ அடி வாங்கினது, தாங்கும்.

கிறிஸ்மஸுக்கு மொத நாள் அதுவுமா வீடு பாக்க வரச் சொல்லலாமான்னு ஏஜென்ட் ரிக் ரொம்பத் தயங்கினான். நாந்தான் தாராளமா வரச் சொல்லுன்னேன். நீ ஸ்கூல் பஸ் ஓட்டறியாமே? லீவு விட்டாத்தானே உனக்கும் வர முடியும். எனக்கும் சும்மா உக்காந்து கடிகாரத்தைப் பாக்கறதுக்கு, யாராவது வந்தா நல்லாத்தான் இருக்கு.

உள்ளதைச் சொல்லிடறேன். உனக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரும் நீங்க கேட்ட விலையை விட அதிகமாத்தான் கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். என் பொண்ணு டெனிஸ், ஃபீனிக்ஸ்ல இருக்கா, போன்ல கத்து கத்துன்னு கத்தறா. ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா, வர்ற ஆளையெல்லாம் விரட்டினா வீடு எப்ப விக்கறதுங்கறா. விக்க மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? வித்தே ஆகணும், எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அதுக்கு மனசார சரின்னு சொல்றவங்களுக்குத்தான் கையெழுத்து. அந்த ரெண்டு பேர்கிட்டயும் கேக்கவே வாய் வரல. உள்ள வந்த உடனேயே தெரிஞ்சு போச்சு.

என்னன்னா? இரு, பறக்காத. அதை மொட்டையா கேட்டா நீ என்னைப் பைத்தியம்னு நெனச்சுக்குவ. வீட்டைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன்.

அங்க என்ன பாக்கற, கிறிஸ்மஸ் குடிலையா? ஆமா, மாதாவோட வீட்டுக்காரர் சூசையப்பர் இல்ல. கண்டுபிடிச்சுட்டியா! அவரு வெளிய இருக்காரு. அட நிஜமாத்தான். வாசல்ல வீடு விற்பனைக்குன்னு போர்டு நட்டிருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள. தலைகீழா. எங்க ஆளுங்க வழக்கம் அது, வீடு விக்கணும்னா சூசையப்பரைத் தலைகீழா புதைக்கறது. மனுஷன் மூச்சு முட்டிப் போய் சீக்கிரமா ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுத்துடுவாராம். இதுக்குன்னே பிளாஸ்டிக்ல பொம்மை விக்கறான். டெனிஸ் ஒண்ணு அனுப்பறேன்னா. நான் ஒரு அவசரக்குடுக்கை, குடில் பெட்டியைத் திறந்து அதுல இருந்தவரையே கொண்டு போய்ப் புதைச்சுட்டேன். அக்டோபர்ல. கிறிஸ்மஸுக்குள்ள வித்துடும், எடுத்துக் கழுவி வெச்சுக்கலாம்னு ஒரு கணக்கு. இப்பப் போய்ப் பாரு, மண்ணு கல்லாட்டம் இறுகிக் கிடக்கு, மண்வெட்டி இறங்க மாட்டேங்குது. குழந்தையை இன்னும் வைக்கல, நடுராத்திரிதான் வைப்போம். அதனால மாதா மட்டும் ஆடு மாட்டோட ஒத்தையில உக்காந்திருக்கா. வீட்டு மனுஷன் பனிக்கடியில கிடக்காரு.

சிரி, சிரி. நானும் மொதல்ல சிரிச்சேன். ஏப்ரல்ல மண்ணு இளகினதும் தோண்டி எடுத்து எனக்கு ஒரு போன் போடு, வந்து வாங்கிக்கறேன். இல்ல இல்ல, நான் கேக்கறேன்னது இது இல்ல. இது சின்ன விஷயம்.

இந்தா, ஒரு பியரோகி எடுத்துக்க. நம்ம கொழுக்கட்டை மாதிரிதான், உள்ள உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வெச்சது. இன்னிக்கு எங்களுக்குக் கறி கிடையாது. முன்னெல்லாம் பன்னெண்டு வகை பண்ணுவேன், டெனிஸ் இருந்தா, அவ மாமா அத்தைங்க இருந்தாங்க. இப்ப பியரோகி, ஹெர்ரிங் மீன், பீட்ரூட் சூப், அவ்வளவுதான். ஒத்தை ஆளுக்குப் பன்னெண்டு வகை பண்ணினா யார் சாப்பிடறது?

சரி, வீட்டுக்கு வா. குளிர் ரொம்பக் கடுமையா இருக்கிற நாள்ல சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டா விட்டு வெச்சுடு, இல்லாட்டி பைப் வெடிச்சுடும். மார்ச்ல பனி உருகும்போது கீழ் ரூம்ல ஈரம் கசியும். மூலையில தண்ணி இறைக்கிற மோட்டார் இருக்கு, அது நின்னுட்டா பக்கவாட்டுல ஒரு உதை விடு, ஓடும். கூரை ஓரத்துல பனிக்கட்டி வாள் மாதிரி தொங்கும், அதை நீ ஏணி போட்டு ஏறித் தட்டாத, கீழ நின்னே நீளக் கம்பால தட்டு. செஸ்டர் அறுபத்தஞ்சு வயசுக்கு மேலயும் ஏணியில ஏறுவாரு. நான் கீழ நின்னு கத்துவேன். விழுந்தா உன் மேலதான் விழுவேன், பயப்படாதம்பாரு.

அவரு டவுன்ல பனி தள்ற வண்டி ஓட்டினவரு. இந்த ஏரிக்காத்துப் பனி இருக்கே, காலையில வெய்யில் அடிக்கும், மத்தியானம் பாத்தா காரைக் காணோம். ஊரே கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கும்போது இவரு மட்டும் வெளியில. ஒரு வருஷம் பெரிய புயல். வண்டியே நகரல. மத்தவங்க எல்லாம் வண்டிக்குள்ளயே உக்காந்துட்டாங்க, அதுதான் புத்திசாலித்தனம். இந்த மனுஷன் இறங்கி நடந்தே வந்துட்டாரு. பின்கதவைத் திறந்துட்டு நிக்கறாரு, புருவமெல்லாம் வெள்ளையா உறைஞ்சு போய். எனக்குன்னா பத்திக்கிட்டு வந்துது. செத்துப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன், அங்கயே கிடந்தா என்னன்னு கத்தறேன். பூட்ஸைக் கழட்டிக்கிட்டே, வீட்டுக்கு வராம வேற எங்க போவேங்கறாரு.

அந்தப் பின்கதவுதான், ஆமா, நீ வரும்போது பாத்தியே அதேதான். கொஞ்சம் மக்கர் பண்ணும். சாவியைப் போட்டு, கைப்பிடியைத் தன் பக்கமா லேசா இழுத்து, அப்புறம் திருப்பணும். பழக்கமில்லாதவங்களுக்கு லேசுல திறக்காது.

மாத்திடலாம்னா சொல்றே? ம். மாத்தலாம். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மொதல்ல வந்தவன் இந்த நாற்காலியில உக்காரக் கூட இல்ல, கதவெல்லாம் பிடுங்கிட்டு போன்ல திறக்கிற பூட்டுப் போடப் போறேன்னான். ரெண்டாவதா வந்த அம்மா, வீடு வாங்கின அன்னிக்கே பூட்டை மாத்திடணும், யார் யார்கிட்ட சாவி இருக்கோன்னு சிரிச்சா. அவங்க சொன்னதுல தப்பே இல்ல.

இரு, ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்துக்கறேன். மொத நட்சத்திரம் வந்தப்புறம்தான் சாப்பிடணும். இந்த மேகத்துல எங்க தெரியப் போகுது, ஆனாலும் பாப்போம். மேஜைத் துணிக்கடியில சொரசொரன்னு இருக்கா? வைக்கோல். குழந்தை பிறந்தது தொழுவத்துலதானே, அதுக்காக. அந்தத் தட்டு... ஆமா, அதுவும் வழக்கம்தான். இன்னிக்கு ராத்திரி வீட்ல எத்தனை பேரோ, அதுக்கு மேல ஒரு தட்டு வைப்போம். வழி தவறினவங்க, போக்கிடம் இல்லாதவங்க, யார் வந்து கதவைத் தட்டினாலும் பேர் ஊர் கேக்காம உக்கார வெச்சுச் சோறு போடணும். உள்ள வந்தது சாமியாக் கூட இருக்கலாம்னு எங்கம்மா சொல்லும்.

எத்தனை வருஷம் வெச்சோம்! ஒருத்தரும் வரல. பாத்திரம் கழுவறது செஸ்டர் வேலை. சாப்பிடாத தட்டையும் சேத்துக் கழுவிக்கிட்டே, உன் விருந்தாளி தெருப் பேரை மறந்துட்டாரு லொரெயின், அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடுவாருன்னு கிண்டல் பண்ணுவாரு. வருஷா வருஷம் அதே கிண்டல்தான்.

போன வருஷம் வந்தாரு.

விருந்தாளிதான். கேளு. நான் இதோ இங்க தனியா உக்காந்து சூப்பைக் கிண்டிக்கிட்டிருந்தேன். நல்ல பனி வெளிய. பின்பக்கம் ஏதோ சத்தம். போய்ப் பாத்தா கதவைத் திறந்துக்கிட்டு ஒரு வயசானவர் நிக்கறாரு. பொம்பளைங்க போடற கோட்டு, பச்சைக் கலர்ல, கையே எட்டல. கால்ல வீட்டுக்குள்ள போடற செருப்பு, நனைஞ்சு தொப்பலா இருக்கு. அதைக் கழட்டி சுவரோரமா ஜோடியா வெச்சுட்டு நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. பாத்ததும் மூஞ்சி செவந்து போச்சு. மன்னிச்சுக்கங்கம்மா, வீடு தப்பி வந்துட்டேன், என் வீட்டுச் சாவி உங்க கதவைத் திறக்குது பாருங்க, இது என்ன கூத்துங்கறாரு.

வேற யாரு? செஸ்டர்தான்.

அட, இறந்துட்டார்னா நெனச்சே? நான் எங்க அப்படிச் சொன்னேன்? என் வாயால சொல்லுவேனா? இருக்காரு. தேவாலயத்தைத் தாண்டி, நாலஞ்சு தெரு தள்ளி, ஞாபகம் போனவங்களைப் பாத்துக்கற இடம் இருக்கில்ல, அங்க. ரெண்டு வருஷம் நானேதான் பாத்தேன். குளிக்க வெச்சேன், ஊட்டி விட்டேன். அப்புறம் ஒருநாள் அவரைத் தூக்கப் போய் ரெண்டு பேரும் குளியலறையில விழுந்துட்டோம், என் இடுப்பு முறிஞ்சு போச்சு. டெனிஸ் வந்துதான் அங்க சேத்துவிட்டா. இந்த வீட்டை விக்கறதும் அதுக்குத்தான், அந்த இடத்துக்குப் பணம் கட்டணுமே. போன வருஷம் அந்த ராத்திரி அங்க பசங்க கிறிஸ்மஸ் பாட்டுப் பாட வந்திருக்காங்க, கதவு திறந்திருக்கு, யாரோ ஒருத்தியோட கோட்டை மாட்டிக்கிட்டுக் கூட்டத்தோட கூட்டமா நழுவிட்டாரு. பனியில வழி கண்டுபிடிக்க அவருக்கா சொல்லித் தரணும்?

நான் அழல. அழுதா மெரண்டு போயிடுவாரு. வாங்க, உங்களுக்குன்னே ஒரு தட்டு வெச்சிருக்கேன்னேன். அவரோட நாற்காலி, இப்ப நீ உக்காந்திருக்கியே இது, இதுல உக்காரல. இது வீட்டுக்காரர் இடம் போலன்னு சொல்லிட்டு, அந்த விருந்தாளி நாற்காலியில போய் நுனியில உக்காந்தாரு. இந்த ராத்திரிக்குன்னு தேவாலயத்துல குடுக்கற மெல்லிசான அப்பத்தை எங்க வழக்கப்படி உடைச்சுக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. சூப்பைக் குடிச்சாரு. நல்லாத்தான் இருக்கு, என் சம்சாரமும் இது பண்ணுவா, உங்களுதுல உப்பு ஒரு கல் கூடன்னாரு. அப்புறம் ஜன்னலைப் பாத்துப் பாத்து ஒரே தவிப்பு. என்னன்னு கேட்டா, நேரமாச்சும்மா, வீட்ல அவ தனியா காத்துக்கிட்டிருப்பா, லேட்டானா கத்துவாங்கறாரு.

கார்ல உக்கார வெச்சுக் கொண்டு போய் விட்டேன். அங்க இருந்த நர்ஸ்கிட்ட என்னைக் காட்டி மெதுவா சொல்றாரு, ரொம்ப நல்ல அம்மா, பாவம், பண்டிகை அன்னிக்கு அவங்க வீட்டுக்கு ஒருத்தருமே வரலைன்னு.

வேணாம், எனக்குத் துணி வேணாம், இதோ என்கிட்டயே இருக்கு. நீ உன் கண்ணைத் துடை.

இன்னிக்கு மத்தியானமும் போய்ட்டுத்தான் வந்தேன். அப்பம் குடுத்தேன். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டாரு, சௌக்கியம்னேன். அங்கயே இருந்திருக்கலாமேன்னா கேக்கறே? நான் அங்க உக்காந்திருந்தா, இவரு கிளம்பி இங்க வந்தா சூப்பை யார் ஊத்தறது? இப்ப அங்க கதவுக்கு நம்பர் பூட்டுப் போட்டிருக்காங்க, இனிமே வெளிய வர முடியாதுங்கறாங்க. அவங்க அப்படித்தான் சொல்வாங்க. சாவி மட்டும் இன்னும் அவர் பையிலதான் இருக்கு. ஒரு தடவை எடுத்து வெச்சாங்க, குழந்தை மாதிரி அழுதாராம், திருப்பிக் குடுத்துட்டாங்க.

நான் தேவாலயத்துக்குப் பின்னால ஒத்தை ரூம் பாத்திருக்கேன். அந்த ரூம் அவருக்குத் தெரியாது. எத்தனை தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டினாலும் மனசுல நிக்காது. கிளம்பினார்னா இங்கதான் வருவாரு, வேற எங்க போவாரு? சாவி திரும்பலைன்னா அந்தப் பனியில நின்னுக்கிட்டே இருப்பாரு கண்ணு. பூட்டு மாறிடுச்சுன்னு அவருக்குத் தோணாது. தன் கைதான் மறந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு, இழுத்து இழுத்துத் திருப்பிக்கிட்டே இருப்பாரு.

அதனால நான் கேக்கறது அவ்வளவுதான். வாசக்கதவு, ஜன்னல், கூரை, எதை வேணும்னாலும் இடிச்சுக் கட்டு. அந்தப் பின்கதவுப் பூட்டை மட்டும் அவர் இருக்கிற வரைக்கும் மாத்தாத. மனுஷன் உள்ள வந்தார்னா பயந்து கத்திடாத, ஒருத்தருக்கும் தீங்கு நெனைக்கத் தெரியாதவரு. உக்கார வெச்சுட்டு எனக்கு ஒரு போன் பண்ணு, அஞ்சு நிமிஷத்துல ஓடி வந்துடறேன்.

சரியா? நிஜமா? உன் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு.

இதோ மேல வர்றாரே. வாங்க தம்பி, உக்காருங்க. இல்ல இல்ல, அந்த நாற்காலி வேணாம்.

இன்னொண்ணு கண்ணு. நான் வந்து சேர்ற வரைக்கும் அவருக்கு ஏதாவது சூடாக் குடு. எதைக் குடுத்தாலும் உப்பு கூடன்னுதான் சொல்வாரு. ஆமாங்க, அடுத்த தடவை பாத்துப் போடறேன்னு சொல்லிடு.