நாய்க்குப் போட்ட எலும்பு

— கத்திய உள்ள வைங்க மீரா உசேன் சார். நீங்க மாட்டு டாக்டரு, உங்களுக்குத் தெரியாததா. இந்த நாய வெட்டிப் பாக்க என்ன இருக்கு? பூச்சி மருந்துல செத்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஜோலி முடிஞ்சுது.

— வெட்டத்தான் போறதில்ல ஏஜெண்டு சார். ஆனா அது நீங்க சொன்னதுக்காக இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பெரியவரே, உங்களுக்கும்தான். அது வாயில வடியிறதக் கையால தொடைக்காதீங்க.

— நான் வளத்த நாயி டாக்டரய்யா. ஈ மொய்க்குது.

— மொய்க்கட்டும். போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க.

— பாத்தீங்களா, தடயத்தத் தொடைக்கிறான். நான் ஒண்ணு சொல்றேன் டாக்டர். இவன் மவன் காயாரோகணம்தான் வெஷம் வச்சவன். கூலிக்காரங்க சங்கத்துத் தலைவருல்ல. நேத்து ஒரு நாயி, இன்னிக்கு ஒரு நாயி. களத்துல நாயி இல்லன்னா நெல்ல அள்ளலாம், வைக்கப்போரக் கொளுத்தலாம். நேத்துக் காலையிலயே ஆளக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல குந்த வச்சாச்சு. உங்க காயிதம் ஒண்ணுதான் பாக்கி.

— எம்மவன் வெஷம் வைக்கல.

— உன்னக் கேக்கல வைரக்கண்ணு.

— கேக்காட்டியும் சொல்லுவேன். முப்பது வருசமா இந்தக் களத்துல நாயி வளக்கறவன் நானு. அவன் வெஷம் வைக்கறவனா இருந்தா நாய்க்கா வைப்பான்?

— கேட்டுக்கிட்டீங்களா டாக்டர். புது ஆட்சி வந்ததுலேர்ந்து இவனுங்க நாக்கு ஒரு மொழம் நீண்டு போச்சு.

— செத்த இருங்க ரெண்டு பேரும். பெரியவரே, நாய்க்கு என்ன தீனி?

— கறி, எலும்பு. நன்னிலத்துல கலந்தர் பாய் கடையிலேர்ந்து வாரம் ரெண்டு வாட்டி வரும்.

— வேகவச்சுப் போடுவீங்களா?

— பச்சையாத்தான். வேகவச்சா நாயி சாதுவாப் போயிடும், பச்சை ரத்தம் தின்னாத்தான் ஆளு மேல பாயும். ஏஜெண்டய்யா உத்தரவு.

— நான் ஒண்ணு சொல்றேன் டாக்டர், அது அனுபவம். எங்க பண்ணையாரு அவங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.

— பச்சைக் கறியில வீரம் வராது சார், புழுதான் வரும். எலும்புன்னா பச்சையே தேவலாம். வேகவச்ச எலும்பு சில்லு சில்லா ஒடஞ்சு கொடலக் கிழிச்சுடும். ஆனா நோவில்லாத ஆடு, மாட்டு உருப்படியோடதா இருக்கணும். நோவுல செத்த உருப்படியோட கறியப் பச்சையாப் போட்டா, அந்த நோவையே நாய்க்கு ஊட்டுன மாதிரி. கலந்தர் கடைக் கறி கடைசியா எப்ப வந்துச்சு?

— கூலித் தகராறு தொடங்குனதுலேர்ந்து வரல. இருவத்திரண்டு நாளாச்சு.

— அதுலேர்ந்து நாயி என்ன தின்னுச்சு?

— பண்ணையிலேர்ந்து நொய்க்கஞ்சி வந்துச்சு. நாய்க்கு வந்துச்சு. எங்க தெருவுக்கு அதுவும் வரல.

— வேலைக்கு எறங்குனா வரும். கூலியில அரைப்படி நெல்லு கூடக் குடுத்தாத்தான் அறுப்போம்னு கொடிய நட்டுக்கிட்டு வரப்புல குந்தியிருந்தா, பண்ணையாரு பானையோட வந்து ஊத்துவாரா?

— சார், கூலிப் பேச்சு அப்புறம். மூக்குல வர்ற ரத்தத்தப் பாருங்க. தாரு மாதிரி கறுப்பா இருக்கு. விடியக்காலையில செத்த நாயிங்கறீங்க, உச்சிப் பொழுதாச்சு, இன்னும் ஒறையல. தொண்டையும் வீங்கியிருக்கு. பூச்சி மருந்துக்கு இப்படி வராது. பண்ணையில மாடு ஏதும் செத்துச்சா?

— மாடா? அப்படியெல்லாம் இல்லையே.

— செத்துச்சு.

— டேய்.

— திங்கக்கெழம. மயிலக்காளை. காலையில வண்டியில பூட்டுனது, மத்தியானம் விழுந்துச்சு. மூக்குல இதே ரத்தம்.

— எனக்கு ஏன் சார் ஆளு அனுப்பல?

— செத்த மாட்டுக்கு டாக்டரு எதுக்கு? பொதைச்சாச்சு. முன்னெல்லாம் மாடு செத்தா இவன் தெரு ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. இப்பதான் செத்த மாட்டத் தூக்க மாட்டோம், தோலு உரிக்க மாட்டோம், கறி திங்க மாட்டோம்னு சத்தியமாமே. இவன் மவன்தான் கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் வாங்குனான். அதனால அறுப்புக்கு வந்த வெளியூர் ஆளுங்கள வச்சு ஆத்துப் படுகையில பொதைச்சேன்.

— எவ்வளவு ஆழம்?

— ஆளுங்களுக்கு அறுப்பு வேலை கெடந்துச்சு டாக்டர்.

— ஆழத்தக் கேட்டேன்.

— மொழங்காலு அளவு இருக்கும்.

— சுண்ணாம்பு போட்டீங்களா?

— இல்ல.

— இது அடைப்பான் சார், ஆந்த்ராக்ஸ்; வெட்டுனா பரவும். நாயோட காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கறேன். மைக்ராஸ்கோப்புல பாத்து சாயங்காலம் உறுதியாச் சொல்லுவேன். அந்தக் காளையோட கறி இந்த நாயி வயித்துல போயிருக்கு. வெஷம்னு நான் எழுத மாட்டேன்.

— எழுதாட்டிப் போங்க. நான் ஒண்ணு சொல்றேன். சங்கிலியில கெடக்கற நாயி அரை மைலு நடந்துபோயி படுகையத் தோண்டித் தின்னுச்சா? யாரு கொண்டாந்து போட்டா? சாட்சி யாரு? அது இல்லாத வரைக்கும் கறியில வெஷத்தத் தடவிப் போட்டான்னு நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன். பய உள்ளயே கெடப்பான்.

— பெரியவரே, உங்க மவன் வெளிய வரணும்னா ஒருத்தர் வாயத் தொறக்கணும். மூடுன அந்தக் குழியத் திரும்பத் தோண்டுனது யாரு?

— எனக்குத் தெரியாது.

— தெரியும்னு தோணுது.

— நீங்களும் சர்க்கார் ஆளுதான. எழுதிக்கிட்டு ஜீப்புல ஏறிப் போயிடுவீங்க. எங்கப்பன் ஒரு காயிதத்துல பெருவெரல வச்சான். குடியிருந்த மனை போச்சு. எழுதறவங்கள நான் நம்பறதில்ல.

— நம்ப வேணாம். நான் ஆளுக்கு எழுதல, நோவுக்கு எழுதறேன்.

— நான்தான் தோண்டுனேன். போதுமா?

— ஆகா. பண்ணை மாட்டத் திருடுனேன்னு அவன் வாயாலயே வருது பாருங்க.

— மண்ணுக்குக் குடுத்தத மண்ணுலேர்ந்து எடுத்தேன். நாயி ரெண்டும் கஞ்சியக் குடிச்சு வத்திப் போச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஒரு தொடைய அறுத்தாந்து போட்டேன். பச்சையா. உங்க உத்தரவுப்படிதான். இப்ப எம்மவன விடச் சொல்லுங்க.

— விடச் சொல்றேன். கூடவே இதையும் தெருவுல சொல்றேன். சத்தியம் வாங்குன தலைவனோட அப்பன் செத்த மாட்டுல கத்திய வச்சான்னு. சங்கம் சிரிப்பாச் சிரிக்கும்.

— சொல்லுங்க. அவன் எம் மொகத்துல காறித் துப்பட்டும். வெளிய வந்து துப்பட்டும்.

— பெரியவரே, கையக் காட்டுங்க. புண்ணு, கறுப்புக் கொப்புளம் எதாவது?

— ஒண்ணும் இல்ல.

— வேற யாரு அந்தக் கறியத் தொட்டாங்க?

— யாரும் தொடல.

— நெதானமா யோசிங்க. இது மனுசனுக்கும் வர்ற நோவு. தின்னவனுக்கு வயித்துல எறங்கும். காச்சல், வாந்தி, ரத்தபேதி. கண்ட ஒடனே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஊசி போட்டா பொழைக்கலாம். நாள் தள்ளிப் போனா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.

— வேகவச்சாக்கூடவா?

— பச்சையாப் போட்டேன்னீங்களே.

— சும்மா கேட்டேன்.

— வேகவச்சாலும் இத நம்ப முடியாது. அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி அறுக்கணும், கழுவணும். சரியா வேகாத ஒரு துண்டு போதும்.

— பயமுறுத்தாதீங்க டாக்டர், இதுங்களுக்கு எதுவும் ஆவாது. அப்பனுக்கு ஒரு நடிப்பு, மவனுக்கு ஒரு நடிப்பு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அந்தப் பய ஸ்டேஷன்ல வயித்தப் புடிச்சுக்கிட்டு உருள்றானாம். காச்சலாம், வாந்தியாம். ஏட்டய்யா சிரிக்கிறாரு. ரெண்டு போட்டா எல்லாம் நின்னுடும்னாரு.

— டாக்டரய்யா, உங்க ஜீப்ப எடுங்க.

— என்ன பெரியவரே? ஏன் அதுக்குள்ள ஜீப்புல ஏறறீங்க?

— எடுங்கன்னு சொல்றேன். ஸ்டேஷனுக்கு விடுங்க.

— சொல்லுங்க, விடறேன். வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?

— நானும் அவனும்தான். பொண்டாட்டி புள்ளைங்கள பூதலூருக்கு மாமனாரு வீட்டுக்கு அனுப்பிட்டான். சங்கத்துலேர்ந்து அவனுக்கு வர்ற கஞ்சியவும் பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு ஊத்திட்டு, தண்ணியக் குடிச்சிட்டுப் பேச்சுவார்த்தைக்குக் கெளம்புவான். திங்கக்கெழம வரப்புல தள்ளாடி விழுந்தான். நான் தூக்கி உக்கார வச்சேன், கனமே இல்ல. நாய்க்கு நான் போட்டது எலும்பு மட்டுந்தாங்க.

— கறி எங்க போச்சு பெரியவரே?

— தெரிஞ்சா தொட மாட்டான்யா, சத்தியம் வாங்குனவன். சம்மந்தி வீட்டுலேர்ந்து வந்த ஆட்டுக்கறின்னு சொல்லி, போதும்பா போதும்பான்னு அவன் கையால மறைக்க மறைக்க, நான்தான் ரெண்டாந்தரமும் அள்ளி வச்சேன்.