பவளத்தின் குளம்பில் நாற்றமில்லை

மூட்டுவாதம் பிடித்த குதிரை எழுந்ததும் எழாததுமாக அதன் காலைத் தூக்கிவிடக் கூடாது, ஐயா. முதலில் முற்றத்தில் கொஞ்சம் நடத்த வேண்டும். மூட்டு இளகிய பிறகு, காலைத் தரையிலிருந்து ஒரு சாண்கூட உயர்த்தாமல், மரக்கட்டையின் மேல் மெல்ல வைக்க வேண்டும். மற்ற முன்காலும் வாதக்கால்தான், பாரமெல்லாம் அதன்மேல் இறங்கும். ஆகவே குளம்பைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு இறக்கிவிட வேண்டும். அது ஆசுவாசமாக நின்ற பிறகு மறுபடி தூக்கலாம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

எங்கள் பவளம் பாறசாலைக்கும் செங்கல் ஊருக்கும் இடையே வண்டி இழுத்த குதிரை. என் வீட்டுக்காரர் ஞானையன்தான் வண்டிக்காரர். எல்லைப் போராட்டம் சூடுபிடித்ததும் வண்டியில் ஆட்களோடு கொடியும் ஒலிபெருக்கியும் ஏறின. அவருக்கு நல்ல தொண்டை. எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று அவர் முழங்கினால் கேட்டவர்களுக்கு மெய் சிலிர்க்கும். எனக்கும் முதலில் சிலிர்த்தது உண்டு.

ஒருநாள் காலையில் பவளத்தின் மூட்டு தேங்காய் போல வீங்கிக் கிடந்தது.

"இண்ணு வண்டி பூட்டண்டாம். அதுக்கு வய்யா," என்றேன்.

"நடந்தா செரியாவும் எட்டி," என்றார்.

வண்டியைப் பூட்டி, வாசல் தாண்டத் தயங்கிய குதிரையை, வீங்கிய மூட்டின் மேலேயே சாட்டையால் அடித்தார். அது முன்காலை மடக்கித் தெருவில் விழுந்தது. அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, வாயோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அடித்தார். நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அருவருப்பு வந்தது அன்றுதான். முன்பு வண்டி குடைசாய்ந்து என் இடுப்பு பிசகியபோதும் அவர் இதே 'நடந்தா செரியாவும்' என்ற வார்த்தையைத்தான் சொன்னார். அது கிடக்கட்டும். நாம் பேசுவது குதிரையைப் பற்றி.

பிறகு ஒருநாள் போராட்ட ஊர்வலம் வந்தது. போலீஸ் வருகிறது என்று யாரோ கத்த, கூட்டம் சிதறி ஓடியது. இவர் ஒரு தென்னை விளையின் வேலியைத் தாண்டும்போது மூங்கில் முனை கெண்டைக்காலில் ஆழமாகக் குத்திவிட்டது. வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து, குதிரைக்கொட்டிலை ஒட்டிய வைக்கோல் அறையில் ஒளிந்துகொண்டார். நான் காயத்தைக் கழுவினேன். அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கழுவும்போது என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, "மெல்லட்டி, பட்டி," என்று நாயைச் சொல்வதுபோலத் திட்டினார். பவளம் வலி தாங்காமல் நடுங்கும்போதுகூட என்னை ஒருநாளும் கடித்ததில்லை. நான் அதற்குப் பிறகு அவர் காலைத் தொடவில்லை.

மறுநாள் ரெத்தினதாஸ் வந்தான். அவரோடு கொடி பிடித்தவன், பக்கத்து வீட்டுக்காரன்.

"அக்கா, அண்ணன் எங்க?"

"அம்பூரி மலைக்குப் போயாச்சு," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. எந்த வீட்டுலண்ணு எங்கிட்டயும் சொல்லண்டாம். அறியாதவன் வாயில இருந்து ஒண்ணும் வெளிய வராதுல்லா."

அப்போது எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. ஒளிந்திருப்பவனைப் பற்றி ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். விசாரித்தால் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர் வந்துவிடும். நான் யார் வாயையும் அடைக்கவில்லை. அவர்களாகவே மூடிக்கொண்டார்கள்.

அவன் ஒரு டிஞ்சர் குப்பியும் பஞ்சும் மருந்துப்பொடியும் கொண்டுவந்து தந்தான். "அண்ணன் காலுல சோரை ஒழுக ஓடினதக் கண்டவங்க உண்டு. மலையில இருந்து ஆளு வந்தா குடுத்து விடுங்க அக்கா," என்றான். கண் கலங்கியிருந்தான். வாங்கிக்கொண்டேன்.

அது அடைமழைக்காலம். கொட்டில் தரை ஈரம் காயவேயில்லை. பவளத்தின் குளம்புக்கு அடியில், நடுச்சதையின் இருபக்கப் பள்ளத்திலும் சாணி அடைந்து அழுகத் தொடங்கியிருந்தது. கெட்ட நாற்றம்தான். ஆனால் எனக்கு அருவருப்பு தோன்றவில்லை. அழுக்கை நோண்டி எடுத்து, கழுவி, துணியால் ஒற்றி, டிஞ்சரில் பஞ்சை நனைத்துப் பள்ளத்தில் வைத்தேன். பொடியையும் தூவினேன். நீண்டிருந்த முன்நுனியைத் தினம் கொஞ்சமாகச் சீவினேன். நுனி நீண்டால் மூட்டுக்குத்தான் பாரம். உலர்ந்த வைக்கோலைக் காலடியில் தடிமனாகப் பரப்பினேன். அவர் படுத்திருந்த வைக்கோலைத்தான் உருவி எடுத்தேன். வேறு உலர்ந்தது இல்லை.

அவர் உள்ளேயிருந்து கூப்பிடுவார். "எட்டி ரத்னபாயி, வைத்தியரக் கூட்டீட்டு வா. காலு நாறுது."

"நடந்தா செரியாவும்," என்றேன். "வெளிய போலீஸ் நிக்குது. சத்தம் போடாதீங்க."

வெளியே எந்தப் போலீசும் இல்லை. அடுத்த தெரு சுகுமாரியின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு வலியை விழுங்கினார். மைதானத்தையே அதிரவைத்த தொண்டை, ஐயா.

அவர் காலில் புழு வைத்தது. கஞ்சிச் சட்டியை உள்ளே தள்ளும்போது என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கை பிசுபிசுவென்று இருந்தது. கிணற்றடியில் சாம்பல் போட்டு என் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்படியும் அருவருப்பு போகவில்லை. அதன் பிறகு கதவைத் திறக்கவில்லை.

நாற்றம் மதில் தாண்டியது. குதிரைக் குளம்பு அழுகுகிறது என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். ரெத்தினதாசுக்கு மட்டும் இரக்கம் மிகுந்துபோய், நான் கிணற்றடியில் இருந்தபோது கொட்டிலுக்குள் போய்ப் பவளத்தின் காலைத் தூக்கிவிட்டான். மிக உயரமாகத் தூக்கினான். அது நடுங்கியது. "எலே, தாழ்த்துலே, அதுக்கு வலிக்கும்," என்று கத்திக்கொண்டு ஓடினேன். இத்தனை நாளில் நான் சத்தம் போட்டது அந்த ஒருமுறைதான்.

அவன் குளம்பைப் பார்த்தான். முகர்ந்தான். சுத்தமாக இருந்தது, டிஞ்சர் கறையோடு.

"அக்கா, இது நான் அண்ணனுக்குத் தந்த மருந்தாக்கும்."

"அதுக்கு வேண்டியிருந்தது," என்றேன்.

அவன் வைக்கோல் அறைக் கதவைப் பார்த்தான். வெளித்தாழ்ப்பாளைப் பார்த்தான். திறந்தவன் வாந்தி எடுத்துக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தான். ஆண்பிள்ளை, ஒரு நாற்றம் தாங்கவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். தாழிட்டது நான்தான். உள்ளே உயிர் இருப்பது தெரிந்துதான் தாழிட்டேன். தண்ணீர் கேட்டார், அதுவும் காதில் விழுந்தது. அந்த நேரம் நான் பவளத்தின் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒத்தடத்தைப் பாதியில் விட்டால் பலனில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இனி யார் பவளத்தைப் பார்த்துக்கொண்டாலும் காலைத் தாழ்வாகத் தூக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வாயில்லா ஜீவன், வலித்தால் கூப்பிட்டுச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்திருந்தால் எந்த மனுஷியாவது கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா?